மியூச்சுவல் விவாகரத்து: யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

கணவனும் மனைவியும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு, யார்மீதும் குற்றம் சொல்லாமல், சேர்ந்து கேட்கிற விவாகரத்தைப் பற்றியது இந்த அத்தியாயம். சட்டம் இதைப் பரஸ்பர சம்மத விவாகரத்து என்கிறது. கோர்ட்டில் வக்கீல், குமாஸ்தா, கட்சிக்காரர் எல்லோருக்கும் இது ‘மியூச்சுவல்’. நானும் அப்படியே எழுதுகிறேன்.

1955-ல் இந்து திருமணச் சட்டம் வந்தபோது இந்த வழி அதில் இல்லை. பிரிய நினைப்பவர் மற்றவர்மீது தகாத உறவு போன்ற ஏதாவது ஒரு குற்றத்தைச் சொல்லி, சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். சேர்ந்து வாழ முடியாது என்று இருவருமே அமைதியாக முடிவெடுத்திருந்தாலும், ஒருவர் மற்றவரைக் கூண்டில் ஏற்றினால்தான் விடுதலை. 1976-ல் வந்த திருத்தம் 13-பி என்ற பிரிவைச் சேர்த்து அந்த நிலையை மாற்றியது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் 1954 முதலே இதற்கு இடம் இருந்தது. அங்கே பிரிவு 28.

உங்கள் திருமணம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதை முதலில் பாருங்கள். பலர் “நாங்க ரிஜிஸ்டர் மேரேஜ்” என்பார்கள். சான்றிதழைப் பார்த்தால், கோவிலில் தாலி கட்டிவிட்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் அதைப் பதிவு மட்டும் செய்திருப்பார்கள். இந்துக்களானால் அது இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வரும் திருமணம்தான். புரோகிதர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணமும் அப்படியே. தமிழ்நாடு கொண்டுவந்த 7-ஏ பிரிவு அதைச் செல்லுபடியாக்கியிருக்கிறது. முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டி, சாட்சிகளோடு பதிவாளர் முன்னால் செய்துகொண்ட திருமணம்தான் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குள் வரும். மனுவின் தலைப்பில் தப்பான சட்டமோ பிரிவோ இருந்தால், கோர்ட் அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பிவிடும். பெரிய சிக்கல் இல்லை, ஆனால் சில வாரங்கள் வீணாகும்.

கிறிஸ்தவர்களுக்கு இந்த வழி 2001-ல் திறந்தது. விவாகரத்துச் சட்டத்தின் 10-ஏ பிரிவு இரண்டு ஆண்டு பிரிந்திருக்க வேண்டும் என்கிறது. மற்ற மதத்தவருக்கு ஓராண்டு என்றிருக்க இவர்களுக்கு மட்டும் ஏன் இரண்டு என்று கேட்டு, கேரள உயர் நீதிமன்றம் 2010-ல் அதை ஓராண்டாகக் குறைத்து வாசித்தது. நீங்கள் மனுப் போடும் நீதிமன்றத்தில் எது நடைமுறை என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முஸ்லிம்களுக்கு ஷரீஅத்திலேயே இருவரும் ஒப்பிப் பிரியும் முபாரத் உண்டு. மனைவி கேட்டுப் பெறும் குலாவும் உண்டு. ஆனால் தனியார் அமைப்புகள் கொடுக்கும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் சொல்லிவிட்டது. இனி வருவது பெரும்பாலும் 13-பி பற்றியது.

சட்டம் கேட்பது என்ன

மூன்றே மூன்று. ஓராண்டோ அதற்கு மேலோ பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். சேர்ந்து வாழ முடியவில்லை என்றிருக்க வேண்டும். திருமணத்தை முடித்துக்கொள்ள இருவரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஏன் முடியவில்லை என்ற கதையைச் சட்டம் கேட்பதில்லை. மனுவில் ‘கருத்து வேறுபாடு காரணமாக’ என்ற ஒரு வரி போதும். அதற்கு மேல் எழுத ஆசைப்படும் வக்கீலைத் தடுத்துவிடுங்கள். மாமியார் சொன்னது, மச்சான் செய்தது எல்லாம் இந்த மனுவுக்கு வேண்டாம். அது நாளை உங்கள் பிள்ளை படிக்கக்கூடிய ஒரு ஆவணம்.

பிரிந்து வாழ்வது என்றால் வேறு வேறு வீடு என்று பொருள் இல்லை. 1991-ல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: ஒரே கூரையின் கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாமல் இருக்கலாம், தனித்தனி ஊரில் இருந்தும் கணவன் மனைவியாகவே வாழலாம். சென்னையில் இரண்டு வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் ஆளுக்கொரு அறையில் காலம் தள்ளும் தம்பதிகளுக்கு இது முக்கியம். எந்தத் தேதியிலிருந்து பிரிந்திருக்கிறோம் என்பதை இருவரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். நீதிபதி அதைத்தான் முதலில் கேட்பார்.

மனு போட்ட நாள் முதல் மோஷன். அதன் பிறகு ஆறு மாதம் காத்திருந்து, பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து, “மனசு மாறல, பிரிஞ்சிடுறோம்” என்று சொல்ல வேண்டும். இது இரண்டாவது மோஷன். இடையில் உள்ள காலம் யோசிப்பதற்காகக் கொடுக்கப்பட்டது. அந்த ஆறு மாதம் எல்லோருக்கும் கட்டாயம் இல்லை என்று 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓராண்டும் இந்த ஆறு மாதமும் சேர்ந்து ஒன்றரை ஆண்டாக ஏற்கெனவே பிரிந்திருந்தால், சமரச முயற்சிகள் தோற்றிருந்தால், ஜீவனாம்சம், பிள்ளை, மற்ற விவகாரங்கள் எல்லாம் உண்மையாகவே முடிந்திருந்தால், காத்திருப்பது வேதனையை நீட்டிப்பது மட்டும்தான் என்றால், குடும்ப நீதிமன்றமே அதைத் தள்ளுபடி செய்யலாம். முதல் மோஷன் முடிந்து ஒரு வாரத்தில் அதற்கு மனுப் போடலாம். நீதிபதி தள்ளுபடி செய்தே ஆக வேண்டும் என்பதில்லை, செய்யலாம், அவ்வளவுதான். ‘ஒரே வாரத்தில் டிவோர்ஸ்’ என்று யாராவது உறுதி சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எல்லாக் காத்திருப்பையும் ஒதுக்கிவிட்டு உடனே முடித்துவைக்கும் தனி அதிகாரம் அரசியல் சட்டத்தின் 142-வது பிரிவில் உச்ச நீதிமன்றத்துக்கு உண்டு, 2023-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. மாவட்டத் தலைநகரில் உள்ள குடும்ப நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது.

சுரேஷ்டா தேவி வழக்கு சொன்ன இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சம்மதம் மனுப் போட்ட நாளில் இருந்தால் போதாது, தீர்ப்பு வரும் நாள்வரை இருக்க வேண்டும். நடுவில் யார் வேண்டுமானாலும் “எனக்குச் சம்மதமில்லை” என்று சொல்லிவிடலாம். சொன்னால் மனு விழுந்துவிடும். பயந்து கையெழுத்துப் போட்டவருக்கு இது ஒரு பாதுகாப்பு. பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு மீதிக்குக் காத்திருப்பவருக்கு இது ஒரு ஆபத்து. எந்தத் தொகை எந்த நாளில் கைமாற வேண்டும் என்று திட்டமிட வேண்டியிருப்பது இதனால்தான்.

பிரிவதற்கு ஒப்புக்கொள்வது பாதிதான்

“ரெண்டு பேரும் பிரியறதுன்னு முடிவு பண்ணிட்டோம் சார், மியூச்சுவல் போட்டுடலாம்” என்று வருபவர்களிடம் நான் கேட்பது: வேறு எதில் எல்லாம் ஒத்துப்போயிருக்கிறீர்கள்? பெரும்பாலும் பதில் இருக்காது. பிரிவதில் மட்டும் ஒத்துப்போய், பணம், பிள்ளை, நகை, வீடு, போலீஸ் வழக்கு ஆகியவற்றில் ஒத்துப்போகாத தம்பதிக்கு மியூச்சுவல் இன்னும் பொருந்தவில்லை. மனு இரண்டு மூன்று பக்கம்; யாரும் எழுதிவிடலாம். அதோடு இணைக்கிற உடன்படிக்கைதான் உண்மையான வேலை. அதை முடித்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போனால் இரண்டு வருகையில் முடியும். முடிக்காமல் போனால், மியூச்சுவல் என்ற பெயரில் ஒரு சண்டை வழக்கைத்தான் நடத்திக்கொண்டிருப்பீர்கள்.

பிள்ளையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உடன்படிக்கைகளில் மிக மோசமாக எழுதப்படும் பகுதி அதுதான். வழக்கமான வரி இப்படி இருக்கும்: ‘குழந்தை தாயின் பொறுப்பில் இருக்கும், தந்தை விரும்பும்போது சென்று பார்க்கலாம்.’ கையெழுத்துப் போடும் நாளில் இது பெருந்தன்மையாகத் தெரியும். மூன்றாவது மாதமே “இப்ப பரீட்சை”, “இன்னைக்கு ஊர்ல இல்ல” என்று ஆரம்பித்து, ஓராண்டில் இருவரும் மறுபடி அதே கோர்ட்டில் நிற்பார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்:

‘ஒவ்வொரு மாதமும் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தந்தை குழந்தையைத் தாயின் வீட்டு வாசலில் வந்து அழைத்துக்கொண்டு, மறுநாள் மாலை 6 மணிக்கு அங்கேயே கொண்டுவந்து விடுவார். குழந்தைக்கு உடல்நலமில்லாமல் அந்த வாரம் தவறினால், அடுத்த சனிக்கிழமை ஈடு செய்யப்படும். முழு ஆண்டு விடுமுறையின் முதல் பாதி தந்தையிடம், மறுபாதி தாயிடம். பொங்கல் ஒற்றைப்படை ஆண்டுகளில் தந்தையோடு, இரட்டைப்படை ஆண்டுகளில் தாயோடு; தீபாவளி இதற்கு மாறாக. தந்தையிடம் இல்லாத வாரங்களில் புதன்கிழமை இரவு 7 மணிக்கு வீடியோ காலில் பேசலாம்.’

படிக்கக் கறாராக இருக்கும். ஆனால் இப்படி எழுதியவர்கள் சண்டை போடுவது குறைவு. இதோடு இன்னும் சிலவற்றைச் சேர்க்க வேண்டும். பள்ளி மாற்றினால் டி.சி. வாங்க யார் கையெழுத்துப் போடுவது? பாஸ்போர்ட் எடுக்கவும் புதுப்பிக்கவும் மற்றவர் ஒப்புதல் தருவாரா? தாய் வேலைக்காகப் பெங்களூருக்கோ துபாய்க்கோ மாறினால் இந்த அட்டவணை என்ன ஆகும்? தாத்தா பாட்டி பார்க்கலாமா? ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956-ன் இந்து சிறார் காப்பாளர் சட்டம் சொல்கிறது. ஆனால் அது கடைசி வார்த்தை அல்ல, பிள்ளையின் நலனே முதன்மை. நீங்கள் இருவரும் ஒப்புக்கொண்டு எழுதியதைக்கூட, பிள்ளைக்கு நல்லதில்லை என்று தோன்றினால் நீதிபதி மாற்றலாம். பின்னாளில் நிலைமை மாறினால் நீங்களும் போய் மாற்றச் சொல்லிக் கேட்கலாம்.

பிள்ளையின் செலவை ‘தந்தை கவனித்துக்கொள்வார்’ என்று விடாதீர்கள். மாதம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்குக்கு, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கூடும், பள்ளிக் கட்டணம் இதில் அடக்கமா தனியா, கல்லூரிக்கு என்ன ஏற்பாடு என்று எழுதுங்கள். ‘எனக்கும் பிள்ளைக்கும் எதுவும் வேண்டாம், நிம்மதி போதும்’ என்று எழுதிக் கொடுக்கும் தாய்மார்கள் உண்டு. உங்களுக்கு வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. பிள்ளையின் பராமரிப்பு பிள்ளையின் உரிமை. அதை விட்டுக்கொடுக்கத் தாய்க்கும் உரிமையில்லை, தந்தைக்கும் இல்லை.

ஜீவனாம்சத்தை ஒரே தொகையாக வாங்குவதா, மாதாமாதமா? சம்பளம் சரியாக வருகிற, அரசு வேலையில் இருக்கிற ஒருவரிடம் மாதத் தொகை நிற்கும். சொந்தத் தொழில் செய்பவர், வெளிநாட்டில் இருப்பவர், ஏற்கெனவே கடனில் இருப்பவர் என்றால் ஒரே தொகையே மேல் என்பது என் கருத்து. மாதத் தொகை நின்றுபோனால் அதை வசூலிக்க மறுபடி கோர்ட் படி ஏற வேண்டும். எவ்வளவு என்பதற்குச் சூத்திரம் கிடையாது. 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் விவரமாகப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று படிவமே கொடுத்தது. மியூச்சுவலுக்கு அதைக் கோர்ட் கேட்காமல் போகலாம். நீங்கள் கேளுங்கள். அந்தப் படிவத்தை இருவரும் நிரப்பி மேஜையில் வைத்துவிட்டுப் பேசினால், பேரம் தன்னால் நேர்மையாகிவிடும். நிரப்ப மறுப்பவர் எதையோ மறைக்கிறார்.

தொகையைக் கொடுக்கும் முறை: முதல் மோஷன் அன்று ஒரு பங்கு, இரண்டாவது மோஷன் அன்று நீதிபதி முன்னால் மீதிக்கு டிடி. டிடி எண், வங்கி, தேதி ஆகியவை தீர்ப்பில் ஏறும். ரொக்கம் வேண்டவே வேண்டாம். ‘அப்புறம் தந்துடுவாரு, பெரியவங்க நாங்க பொறுப்பு’ என்பதும் வேண்டாம்.

நகையைப் பற்றி ‘இரு தரப்பு நகைகளும் திருப்பிக் கொடுக்கப்பட்டன’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் பிறகு அழுபவர்கள் பலர். பெண்ணுக்குப் பெற்றோர் போட்டதும், கல்யாணத்தில் அவளுக்கு வந்ததும் ஸ்ரீதனம். அது அவளுடைய தனிச்சொத்து, கணவனோ மாமியாரோ வைத்திருந்தால் வெறும் காவலர்கள்தான். கல்யாண ஆல்பத்தை வைத்துக்கொண்டு பட்டியல் போடுங்கள்: ஆரம் எத்தனை பவுன், வளையல் எத்தனை ஜோடி, தாலிக்கொடி என்று. எது பெண் வீட்டு லாக்கரில், எது மாப்பிள்ளை வீட்டில், எது அடகில் என்று எதிரில் குறித்து, அடகு ரசீதின் எண்ணையும் எழுதுங்கள். திருப்பிக் கொடுக்கும் நாளில் நகைக்கடையில் எடை போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பாத்திரம், கட்டில், பீரோ, சீர்வரிசைக்கு ஒரு தனிப் பட்டியல். எங்கள் பக்கத்தில் சண்டை அதிகம் மூள்வது இந்தக் கடைசிப் பட்டியலில்தான். மதிப்புக்காக இல்லை, மானத்துக்காக. பழைய பீரோவுக்காக ஆறு மாதத்தை இழக்காதீர்கள்.

வீடு இருவர் பெயரிலும் இருந்து, வங்கிக் கடனும் இருவர் பெயரிலும் இருந்தால் கவனம். ‘இனி இ.எம்.ஐ. கணவர் கட்டுவார்’ என்ற உங்கள் உடன்படிக்கை வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் கட்டத் தவறினால் வங்கி உங்களைத்தான் தேடி வரும், சிபில் ஸ்கோர் உங்களுக்கும்தான் விழும். ஒருவர் பெயருக்குக் கடனை மாற்ற வங்கி சம்மதிக்கிறதா என்பதை மனுப் போடுவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். சொத்தில் ஒருவர் பங்கை மற்றவருக்குத் தருவதாக முடிவானால் இன்னொன்று: தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையிலும் பதிவுக் கட்டணத்திலும் சலுகை உண்டு. கணவன் மனைவி என்ற உறவு இருக்கும்வரைதான் அந்தச் சலுகையைக் கேட்க முடியும். ஆகவே தீர்ப்புக்கு முன்பே பத்திரத்தைப் பதிவு செய்துவிடுவது லாபம். ஆனால் மற்றவர் கடைசி நேரத்தில் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் சொத்து போய்விடும் என்ற அபாயமும் அதில் இருக்கிறது. இரண்டாவது மோஷன் தேதிக்கு முந்தைய நாள் பதிவு வைத்துக்கொள்வது ஒரு நல்ல நடுவழி.

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து வழக்குப் பதிவாகியிருந்தால், “வாபஸ் வாங்கிக்கிறேன்” என்ற வாய்வார்த்தை செல்லாது. பழைய 498-ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-வது பிரிவு, தமிழ்நாட்டில் தரப்பினர் தாங்களே சமாதானமாகி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம் அல்ல. சமரசம் ஆகிவிட்டது என்று சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ மனுப் போட்டு ரத்து செய்ய வேண்டும், 2003-ல் பி.எஸ். ஜோஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி காட்டியது. கணவர் தரப்பு பணம் கொடுத்துவிட்டு வழக்கு ரத்தாகுமா என்று பயப்படும்; மனைவி தரப்பு வழக்கை ரத்து செய்ய ஒப்பிவிட்டுப் பணம் வருமா என்று பயப்படும். இரண்டு பயமும் நியாயமானவை. எதற்குப் பின் எது என்று தேதியோடு உடன்படிக்கையில் வரிசைப்படுத்துவதுதான் ஒரே மருந்து. குடும்ப வன்முறைச் சட்ட மனு, ஜீவனாம்ச மனு என்று நிலுவையில் உள்ள எல்லாவற்றின் எண்ணையும் எழுதிவிடுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் அது பின்னால் தலைதூக்கும்.

இருவருக்கும் ஒரே வக்கீல் போதுமா? மனுவைத் தாக்கல் செய்யப் போதும். ஆனால் உடன்படிக்கையை, பணம் குறைவாக உள்ளவர், பெரும்பாலும் மனைவி, வேறொரு வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம்.

யார் இந்த வழியில் போகக் கூடாது

அடி, மிரட்டல் நடந்த வீட்டில் ‘பரஸ்பர சம்மதம்’ என்பதை நான் எளிதில் நம்பமாட்டேன். சம்மதம் என்றால் மறுக்கவும் முடிந்திருக்க வேண்டும். உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: “இந்தத் தொகைக்கு நான் ஒத்துக்கமாட்டேன்” என்று கணவரிடமோ மனைவியிடமோ நேருக்கு நேர் சொல்லிவிட்டு, அன்று இரவு பயமில்லாமல் தூங்க முடியுமா? முடியாது என்றால், பெண்கள் முதலில் போக வேண்டிய இடம் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு அதிகாரி, அல்லது 181 உதவி எண். மியூச்சுவல் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மிரட்டியோ ஏமாற்றியோ பெறப்பட்ட சம்மதம் இல்லை என்று திருப்தி அடைந்த பிறகே தீர்ப்பு தர வேண்டும் என்று சட்டம் நீதிபதிக்குச் சொல்கிறது. ஆனால் அந்தத் திருப்தி ஐந்து நிமிட விசாரணையில் கிடைப்பது. குடும்ப நீதிமன்றம் சம்மதத்தின் பேரில் தந்த தீர்ப்பாணைமீது மேல்முறையீடு கிடையாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பெரியவர்கள் பஞ்சாயத்தில் முடிவு செய்துவிட்டு, “கையெழுத்துப் போட்டுட்டு வாம்மா, எல்லாம் பேசி வெச்சுட்டோம்” என்று அழைத்துவரும் பெண்கள் இருக்கிறார்கள். மகனை அப்படி அழைத்துவரும் தாய்மார்களும் உண்டு. முடிவு கையெழுத்துப் போடுபவருடையதாக ஆகும்வரை காத்திருப்பது நல்லது. கணவரின் சம்பளம் எவ்வளவு, எந்த ஊரில் என்ன சொத்து என்று எதுவுமே தெரியாதவரும் அவசரப்படக் கூடாது. பிரியவே மனமில்லை, கொஞ்ச காலம் தள்ளி இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்குச் சட்டத்தில் நீதிமன்றப் பிரிவினை என்ற வேறொரு கதவு இருக்கிறது. அங்கே திருமணம் முறியாது.

யாருக்கு நன்றாகப் பொருந்தும்? இருவரும் சம்பாதிக்கிற, பிள்ளை இல்லாத, ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபம் ஆறிப்போன இளம் தம்பதிக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட, பல ஆண்டுகளாகத் தனித்தனியாக வாழ்பவர்களுக்கும். ஆனால் அதிகம் பேர் கவனிக்காத மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு: நான்கைந்து ஆண்டுகளாகக் கொடுமை, கைவிடல் என்று சண்டை வழக்கு நடத்திக் களைத்தவர்கள். நடந்துகொண்டிருக்கும் வழக்கை எந்தக் கட்டத்திலும் மியூச்சுவலாக மாற்றிக்கொள்ளலாம். குறுக்கு விசாரணை முடிந்த பிறகும் மாற்றியவர்கள் இருக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-ல் தொடங்கிய சமரச மையத்துக்கு இன்று மாவட்டங்களிலும் கிளைகள் உண்டு. வழக்கை அங்கே அனுப்பச் சொல்லி நீங்களே நீதிபதியிடம் கேட்கலாம். அங்கே பேசியது வழக்கில் சாட்சியமாக வராது. எனவே தைரியமாக விட்டுக்கொடுத்துப் பேசலாம்.

மியூச்சுவல் என்று தவறாக நினைக்கப்படும் இரண்டு

எதிர்த்தரப்பு சம்மன் வாங்கிக்கொண்டு வராமல் இருந்துவிட்டால் கிடைக்கும் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு மியூச்சுவல் அல்ல. “நான் வரமாட்டேன், நீயே வாங்கிக்கோ” என்று பேசி வைத்துக்கொண்டு இப்படிச் செய்பவர்கள் உண்டு. வராமல் இருந்தவர் பின்னாளில், சம்மனே எனக்கு முறையாக வரவில்லை என்று சொல்லி அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். அதற்குள் நீங்கள் மறுமணம் செய்திருந்தால் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, கிராமங்களில் இன்றும் நடப்பது. முத்திரைத்தாளில் ‘இன்று முதல் எங்களுக்குள் எந்த உறவும் இல்லை’ என்று எழுதி, ஊர்ப் பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரையும் குத்திய விடுதலைப் பத்திரம். சில சமூகங்களில் வழக்கப்படி தீர்த்துவிடும் முறையை இந்து திருமணச் சட்டத்தின் 29-வது பிரிவு காப்பாற்றுகிறது என்பது உண்மை. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு இருப்பதாகக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டியது உங்கள் பாடு. நிரூபிக்க முடியாவிட்டால் முதல் திருமணம் அப்படியே நிற்கிறது. இரண்டாவதாகச் செய்தது செல்லாது, குற்றமும் ஆகும். அந்த இரண்டாவது மனைவிக்கு ஓய்வூதியம் கேட்கும் நாளில்தான் பல குடும்பங்களுக்கு இது தெரியவருகிறது.

கோர்ட் நாள்

திருமணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், மனைவி இப்போது வசிக்கும் இடம் ஆகியவற்றில் ஒன்றில் மனுப் போடலாம். குடும்ப நீதிமன்றம் இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றம். கல்யாணப் பத்திரிகை, கல்யாண போட்டோ, பதிவுச் சான்றிதழ், இருவரின் ஆதார், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவை வேண்டும். கவுன்சலரிடம் அனுப்புவார்கள், அது சடங்கு என்று நினைத்து ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு வராதீர்கள். அங்கே சமாதானமாகித் திரும்பிப் போனவர்களும் இருக்கிறார்கள். நீதிபதி கேட்பது எளிய கேள்விகள்தான்: எப்போது கல்யாணம், எப்போதிலிருந்து பிரிந்திருக்கிறீர்கள், யாராவது வற்புறுத்தினார்களா, பணம் வந்துவிட்டதா, பிள்ளை யாரிடம்? வெளிநாட்டில் இருப்பவர் நீதிமன்ற அனுமதியோடு பவர் கொடுத்தும், வீடியோ கான்ஃபரன்ஸில் தோன்றியும் முடிக்கும் நடைமுறை இப்போது வந்துவிட்டது. அங்கேயே ஒருவர் மட்டும் போய் வாங்கிய டிவோர்ஸை நம்பாதீர்கள். திருமணம் எந்தச் சட்டத்தின் கீழ் நடந்ததோ அதில் உள்ள காரணத்தின்மேல், மற்றவரும் தானாக முன்வந்து அந்தக் கோர்ட்டை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று 1991-ல் நரசிம்ம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தீர்ப்பு சொன்னதும் கிளம்பிவிடாதீர்கள். சான்றிட்ட நகலுக்கு அன்றே மனுப் போடுங்கள், ஆளுக்கு இரண்டு. பாஸ்போர்ட்டில் துணைவர் பெயரை நீக்க, ஆதாரில் பெயர் மாற்ற, மறுமணத்தைப் பதிவு செய்ய எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள். இன்சூரன்ஸ், பி.எஃப்., வங்கி டெபாசிட் ஆகியவற்றில் நாமினியாக இருக்கும் பழைய பெயர் தீர்ப்பால் தானாக மாறாது. ஒவ்வோர் இடமாகப் போய் மாற்ற வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் விவாகரத்தான துணைவர் வாரிசு இல்லை, ஆனால் பிள்ளைகள் இருவருக்கும் வாரிசுகளாகவே இருப்பார்கள். பின்னொரு நாள் வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகம் போகும் பிள்ளையிடமும் இந்த நகலைக் கேட்கக்கூடும். எனவே ஒரு நகலை அவர்களுடைய பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள்.